ஆடலாம், நடுங்கக் கூடாது: பழைய புல்லட்டின் அதிர்வைக் குறைப்பது எப்படி

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும்போது செங்கிப்பட்டியில் டீ குடிக்க நிறுத்துவது என் வழக்கம். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் அங்கே கிளாஸைக் கையில் வாங்கினேன். சூடு உறைக்கவே இல்லை. வலது கை மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துக் கிடந்தன. பத்து நிமிடம் கையை உதறிக்கொண்டே நின்றேன். டீக்கடைக்காரர், "புல்லட்டுன்னா அப்படித்தான் சார்" என்றார். நானும் அதை நம்பிக்கொண்டு இன்னும் நாலு மாதம் ஓட்டினேன். அது தப்பு.

என்னுடையது 1993 மாடல் ராயல் என்ஃபீல்டு புல்லட் ஸ்டாண்டர்ட் 350. அப்பா வாங்கியது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், வார்ப்பிரும்பு சிலிண்டர், பாயிண்ட் இக்னிஷன் (பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் திறந்து தீப்பொறியை விடும் பழைய முறை). இந்த வகை வண்டியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் ஒற்றை சிலிண்டர் பழைய வண்டி எதுவானாலும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

நாலு மாதம் கழித்து நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதே காசைச் செலவழிக்காமல் இருப்பதற்காக. முதலில் ஃபோம் கிரிப் வாங்கினேன். அப்புறம் ஜெல் வைத்த கையுறை. அப்புறம் ஹேண்டில்பார் முனையில் மாட்டும் எடைக் குண்டு. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மரப்பு பாதி குறைந்தது, உண்மை. ஆனால் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இன்னும் கரைந்து போன ஓவியம் மாதிரிதான் தெரிந்தது. ஒரு மாதத்தில் பின் மட்கார்டு கம்பி விரிசல் விட்டது. கையை மூடிவிட்டேன், அவ்வளவுதான். வண்டி தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தக் கம்பியை வெல்டு வைக்கப் போன இடத்தில்தான் ஒரு வயதான மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் செய்து, என்ஜின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது ஆடுற வண்டி. ஆடட்டும். ஆனா இது நடுங்குது. ரெண்டும் வேற."

இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. புல்லட் 350-இல் பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், அந்தப் பிஸ்டன் விநாடிக்கு 50 தடவை மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி கிளம்புகிறது. அந்த உதைப்பைச் சரிக்கட்ட கிராங்க்கின் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) எதிர்ப்பக்கம் எடை வைத்திருப்பார்கள். முழுக்கச் சரிக்கட்டும் அளவுக்கு வைத்தால் மேல்கீழ் ஆட்டம் போய், அதே அளவுக்கு முன்பின் ஆட்டம் வந்துவிடும். அதனால் ஒரு பங்கை மட்டும் சரிக்கட்டி, மீதியை ஓட்டுபவன் தலையில் கட்டிவிடுவது பழைய காலத்து முறை. மிச்சத்தையும் அடக்க பேலன்சர் ஷாஃப்ட் என்று தனியாக ஒரு தண்டு வேண்டும். அதே கம்பெனியின் 2020-இல் வந்த மீட்டியார் 350-இல் அது இருக்கிறது. நம் வண்டியில் இல்லை. 1940-களின் கடைசியில் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வரைந்த வடிவம், சென்னை திருவொற்றியூர் தொழிற்சாலைக்கு வந்து பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் ஓடியது. ஆகவே கொஞ்சம் ஆட்டம் பிறவிக் குணம். ஐடிலில் முன் மட்கார்டு தலையாட்டுகிறதே, அது அந்த வகை. கையை மரக்கடிக்கும் 'கிர்ர்' என்ற பொடி நடுக்கம் பிறவிக் குணம் இல்லை. பெரும்பாலும் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது, அல்லது அளவு தப்பியிருக்கிறது.

இன்னொன்று: இந்த உதைப்பு சுற்றின் இருமடிக்கு ஏற்பக் கூடும். சுற்று ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே உதைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். 60-இல் சாதுவாக இருக்கிற வண்டி 75-இல் பல்லைக் கிட்ட வைப்பது இதனால்தான்.

எங்கிருந்து வருகிறது?

ஸ்பேனரைத் தொடும் முன் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, நடுக்கம் எதோடு சேர்ந்து கூடுகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். என்ஜின் சுற்றோடா, வண்டியின் வேகத்தோடா, அல்லது இழுவையோடா?

மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் மெதுவாக ஆக்சிலரேட்டரைத் திருகுங்கள். நடுக்கம் அங்கேயே வந்துவிட்டால் சக்கரத்தையும் பின் செயினையும் மறந்துவிடலாம். ஆளில்லாத நேரான சாலையில் 60-இல் போய், கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டு வண்டியைத் தானாக உருள விடுங்கள். நடுக்கம் சட்டென்று நின்றால் என்ஜின் பக்கம். உருளும்போதும் தொடர்ந்தால் டயர், ரிம், சக்கர பேரிங். அடுத்தது, 45-இல் மூன்றாம் கியரிலும் நாலாம் கியரிலும் போய்ப் பாருங்கள். நம் வண்டியில் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். மூன்றாம் கியரில் மட்டும் வந்தால் அது சுற்றோடு சேர்ந்தது. கடைசியாக ஒரு மேட்டில், டாப் கியரில் இழுக்க வையுங்கள். இழுக்கும்போது மட்டும் கரகரவென்று வந்தால் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) பிரைமரி செயினையும் (என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்) சந்தேகப்படுங்கள்.

என் வண்டி நியூட்ரலிலேயே நடுங்கியது.

ஃபவுண்டேஷன் போல்ட்டுகள்

என்ஜினை ஃபிரேமோடு பிடித்து நிற்கும் போல்ட்டுகள் இவை. இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்கு விடை கிடைக்கும், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். புல்லட்டின் ஃபிரேமில் என்ஜினுக்குக் கீழே குழாய் கிடையாது. முன் குழாய் என்ஜினுக்கு முன்னால் வந்து நின்றுவிடும். அங்கிருந்து பின்னால் வரைக்கும் ஃபிரேமின் வேலையை என்ஜினே செய்கிறது. முன்னால் இரண்டு பிளேட், பின்னால் கியர்பாக்ஸைச் சுற்றிய பிளேட்டுகள், மேலே சிலிண்டர் ஹெட்டை ஃபிரேமோடு பிடிக்கும் ஒரு பிராக்கெட். இவற்றில் ஒரு போல்ட் தளர்ந்தாலும் வண்டியின் முதுகெலும்பில் ஒரு மூட்டு கழன்ற மாதிரி.

முதலில் மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் வைத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகக் கழுவுங்கள். கழுவுவதற்கு முன் ஒரு தடவை உற்றுப் பாருங்கள்: போல்ட் தலையைச் சுற்றி, அல்லது இரண்டு பிளேட் சேரும் விளிம்பில், செம்மண் மாதிரி மெல்லிய துருப்பொடி கசிந்திருக்கிறதா? இருந்தால் அந்த இரண்டு இரும்பும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கின்றன. மழைத் துரு பரவலாக இருக்கும். உரசல் துரு போல்ட்டைச் சுற்றி வளையமாக இருக்கும்.

அடுத்தது விரல் சோதனை. உதவிக்கு ஒருவரை ஆக்சிலரேட்டரைத் திருகச் சொல்லிவிட்டு, பாதி விரல் பிளேட்டிலும் பாதி கிராங்க்கேஸிலும் படும்படி மூட்டின் மேல் வையுங்கள். சைலன்சர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் நல்லது. தனித்தனியாக ஆடினால் விரலுக்கே தெரியும்.

இப்போது என்ஜினை ஆறவிட்டு, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம், என்ஜின் இறங்கிவிடும். அடியில் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுப்பது நல்லது. பழைய புல்லட்டில் ஆங்கிலேய அளவு மரைகளும் மில்லிமீட்டர் மரைகளும் கலந்தே இருக்கும். சரியாக உட்காராத ஸ்பேனரைப் போட்டு நட்டின் மூலைகளை மழுக்கிவிடாதீர்கள். ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ பொருத்திப் பார்த்துத் திருகுங்கள்.

கழற்றிய போல்ட்டின் நடுப்பகுதி இடுப்பு மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவத்துக்குப் போய்விட்டதா என்றும் பாருங்கள். என் வண்டியில் முன் பிளேட்டின் கீழ் போல்ட் இருந்த கோலத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. முன்பு எப்போதோ வேலை பார்த்த யாரோ, தலை முதல் நுனி வரை மரை போட்ட சாதாரண ஹார்டுவேர் போல்ட்டை அங்கே மாட்டியிருந்தார். அப்படிப்பட்ட போல்ட்டில் மரையின் கூர்முனைகள்தான் ஓட்டையின் சுவரில் படும். அது அரம் மாதிரி ராவி, ஓட்டையை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கியிருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும்.

போல்ட் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். தலையில் 8.8 என்று (வலிமையைக் காட்டும் தரக் குறி) பொறித்திருக்க வேண்டும். பிளேட்டுகளுக்குள் நிற்கும் பகுதி மரையில்லாமல் வழுவழுப்பாக இருக்க வேண்டும். மரை நட்டு வரும் இடத்தில் மட்டும் போதும். ஓட்டை முட்டையாகிவிட்டிருந்தால் வெல்டு வைத்து அடைத்து மறுபடி துளை போடலாம், அல்லது புது பிளேட் போடலாம். நான் அரியமங்கலம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, பிளேட்டுகளைச் சரிசெய்து, அளவெடுத்து ஒரு போல்ட்டும் கடைந்து வாங்கினேன். 600 ரூபாய் ஆனது. ஃபிரேமில் உள்ள ஓட்டை நல்லவேளையாகத் தப்பியிருந்தது.

மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. ஹெட் பிராக்கெட்டைத் தளர்த்தி வைத்துவிட்டு, மற்ற எல்லா போல்ட்டையும் கையால் போகும்வரை மாட்டுங்கள். என்ஜினை இலேசாக அசைத்து உட்கார வைத்து, பின்பக்கம், முன்பக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிளேட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் போல்ட்டை முறுக்கி அதை மூடப் பார்க்காதீர்கள். அந்தத் தடிமனுக்கு வாஷர் கொடுங்கள். ஹெட் பிராக்கெட்டைக் கடைசியில், அது தானாகப் பொருந்தி நிற்கும் இடத்தில் இறுக்குங்கள். இழுத்துப் பிடித்து மாட்டினால் ஹெட்டை எந்நேரமும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். நட்டுக்கு நீல லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், அடுத்த தடவை சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

கியர்பாக்ஸை என்ஜினின் முதுகோடு பிடிக்கும் நட்டுகளையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள். இந்த வண்டியில் அது தனிப் பெட்டி. அது அசைந்தால் பிரைமரி செயின் கோணலாக ஓடும். எல்லாம் முடிந்ததும் நட்டிலிருந்து பிளேட்டுக்கு வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். 100 கிலோமீட்டரிலும் 500 கிலோமீட்டரிலும் குனிந்து பார்த்தால் போதும், கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. என்ஜினுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ரப்பர் வாஷர் வைத்தால் அதிர்வு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள், சில பட்டறைகளில் செய்தும் தருவார்கள். வைக்காதீர்கள். 1967-இல் வந்த நார்ட்டன் கமாண்டோவில் என்ஜினை ரப்பரில் தொங்கவிட்டது உண்மைதான். ஆனால் அங்கே என்ஜின், கியர்பாக்ஸ், ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒரே தொகுதியாக வைத்து, அதற்கென்றே ஃபிரேமை வடிவமைத்தார்கள். நம் வண்டியில் என்ஜினே ஃபிரேம். ரப்பர் வைத்தால் வளைவில் வண்டி நெளியும், செயின் வரிசை கலையும், பிளேட்டுகள் விரிசல் விடும்.

டேப்பட், பாயிண்ட், கார்புரேட்டர்

போல்ட் சரியாகியும் நடுக்கம் மிச்சமிருந்தால், அல்லது இழுக்கும்போது மட்டும் வந்தால், அடுத்தது இது. காலையில் வண்டியை எடுக்கும் முன், என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் பாருங்கள், அதாவது வால்வுகளைத் தள்ளும் புஷ்ராட் கம்பிகளின் இடைவெளியை. வலது பக்கம் சிலிண்டரின் அடியில் ஒற்றை நட்டு போட்ட சின்ன மூடி இருக்கும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்கும்போது இரண்டு புஷ்ராடும் விரலால் உருட்டினால் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் தூக்கினால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஃபீலர் கேஜ் தேவையில்லை.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவு. பாயிண்டின் முகம் குழியும் மேடுமாக இருந்தால் தேய்த்துக்கொண்டு உட்காராமல் புதிதாக மாற்றிவிடுங்கள். டைமிங் பார்க்க அப்பா காலத்து வித்தை ஒன்று: சிகரெட் பாக்கெட்டில் வரும் மெல்லிய தாளைப் பாயிண்டின் நடுவில் வைத்து இலேசாக இழுத்தபடி என்ஜினை மெதுவாகச் சுற்ற வேண்டும். தாள் வழுக்கி வெளியே வரும் அந்த நொடிதான் பாயிண்ட் திறக்கும் நொடி. அப்போது பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை உங்கள் மாடல் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஆம்ப் மீட்டர் முள்ளும் அதே நொடியில் நடுவுக்கு வரும். தினமும் கிக் அடிக்கும் முன் பார்க்கிறோமே, அதே முள்.

டைமிங் முன்னால் போயிருந்தால் அறிகுறி மூன்று: கிக்கர் திருப்பி உதைக்கும், மேட்டில் டாப் கியரில் இரும்பைத் தட்டுவது போல 'டிங் டிங்' என்று கேட்கும், ஹேண்டில்பாரில் கரடுமுரடான நடுக்கம் வரும். பாயிண்டுக்கு அடியில் தானாக டைமிங்கை முன்னும் பின்னும் தள்ளும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. பாயிண்டைத் திறக்கும் கேமைக் கையால் திருகி விட்டால் அது துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாக அங்கேயே நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது எடைகள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டுவிட்டன. இதை மெக்கானிக்குகள் அதிகம் திறந்து பார்ப்பதில்லை என்பது என் அனுபவம்.

கார்புரேட்டரைப் பற்றி ஒன்று மட்டும். பிளக்கின் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது கார்புரேட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் காற்றை உறிஞ்சுகிறது. ஐடிலில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். என்ஜின் சத்தம் மாறினால் கேஸ்கெட் போயிருக்கிறது.

செயின், சக்கரம்

பிரைமரி செயின் இடது மூடிக்குள் இருக்கிறது. ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றி, நடுவில் உள்ள ஒற்றை நட்டைக் கழற்றினால் மூடி வந்துவிடும். அடியில் தட்டு வைக்காமல் திறந்தால் வாசல் முழுக்க எண்ணெய். அன்று வீட்டில் வாங்கியதை இங்கே எழுத முடியாது. செயினைச் சுற்றிப் பார்த்து, அது மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் கால் அங்குலம் தொய்வு இருக்கும்படி வையுங்கள். ஒரு இடத்தில் விறைப்பாகவும் இன்னொரு இடத்தில் தொங்கலாகவும் இருந்தால் செயின் ஒரே சீராக நீளவில்லை, மாற்ற வேண்டியதுதான். மூடும்போது அந்த ஒற்றை நட்டை வெறியோடு முறுக்காதீர்கள், மூடி வளைந்து எண்ணெய் ஒழுகும்.

பின் செயினுக்கு ஒரு அங்குலத் தொய்வு. செயின் தொய்வைச் சரிசெய்யும் இரண்டு பக்க நத்தை கேமும் (நத்தை வடிவத் தட்டு) ஒரே எண்ணில் இருந்தால் சக்கரம் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். டயர்களின் பக்கவாட்டில் நீளக் கயிறு பிடித்துப் பாருங்கள். பின் ஹப்பில் கப்ளிங் ரப்பர்கள் உண்டு. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை முன்பின் அசைத்தால் தொளதொளவென்று போனால் மாற்றுங்கள். விலை குறைவு, பலன் அதிகம். ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் தளர்ந்த கம்பி மொக்கையாகச் சத்தம் கொடுக்கும். காற்று, தனியாளுக்கு நான் வைப்பது முன்னால் 20, பின்னால் 28. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் விறைத்துப்போன பழைய டயர் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் கைக்குச் சொல்லும்.

இனி ஹேண்டில்பார்

இதைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். இங்கே செய்வது எல்லாம் மிச்சமிருக்கும் அதிர்வு கைக்கு வராமல் தடுப்பது. மேலே சொன்னதை முடிக்காமல் இங்கே வந்தால் என்னைப்போல் மட்கார்டு கம்பிக்கு வெல்டு வைக்க வேண்டி வரும்.

முன் சக்கரத்தை மேலே தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். 'டொக்' என்றால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்) தளர்ச்சி. ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போலிருந்தால் கோனில் தடம் விழுந்துவிட்டது, செட்டையே மாற்ற வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகள், கண்ணாடித் தண்டு, லீவர் பிடிகள் எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள். கேபிள்கள் எங்காவது விறைப்பாக வளைந்து என்ஜினிலிருந்து ஹேண்டில்பாருக்கு நடுக்கத்தைக் கடத்துகின்றனவா என்றும் பாருங்கள். என் வண்டியில் கிளட்ச் கேபிள் அப்படித்தான் டேங்கின் அடியில் நெருக்குண்டு கிடந்தது.

எடைக் குண்டு ஏன் வேலை செய்கிறது? பள்ளியில் ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்தி, முனையைச் சுண்டி விடுவோமே, 'டுர்ர்' என்று அடிக்கும். அதே முனையில் கொஞ்சம் களிமண் ஒட்டிச் சுண்டினால் மெதுவாக ஆடும். ஹேண்டில்பாரும் அந்த ஸ்கேல்தான். அதன் சொந்த ஆட்டமும் என்ஜினின் சுற்றும் ஒரே தாளத்தில் சேரும் வேகத்தில் கை மரக்கும். முனையில் எடை வைத்தால் அந்தச் சேர்க்கை நாம் வழக்கமாக ஓட்டும் வேகத்தை விட்டு விலகிவிடும். அதனால் எவ்வளவு எடை என்பது வண்டிக்கு வண்டி மாறும். பக்கத்துக்கு 150 கிராமில் தொடங்கி ஓட்டிப் பாருங்கள். சில நேரம் எடை வைத்ததும் நடுக்கம் கூடும். அப்படியானால் அது இன்னொரு வேகத்திலிருந்து உங்கள் வேகத்துக்கு நகர்ந்து வந்திருக்கிறது. எடையை மாற்றிப் பாருங்கள்.

கடையில் வாங்க வேண்டும் என்பதில்லை. மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைப் பழைய சைக்கிள் டியூப் துண்டில் போட்டு இறுகச் சுருட்டி, குழாய்க்குள் சத்தமில்லாமல் உட்காரும்படி நுழைத்தால் அதே வேலையைச் செய்யும். குண்டுகள் குழாய்க்குள் உருளக் கூடாது. ஈயத்தைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வலது பக்கம் வேலை முடிந்ததும் ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டுப் பாருங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வைத்தும் பாருங்கள். எந்த நிலையிலும் அது தானாகத் திரும்பி வர வேண்டும். இதில் சமாதானமே கூடாது.

கிரிப்பைப் பொறுத்தவரை நான் ஃபோமைக் கழற்றிவிட்டு மென்மையான ரப்பருக்கே திரும்பினேன். ஃபோம் தடிமனாக இருப்பதால் என் கைக்கு அதை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது, மழையில் தண்ணீரையும் குடித்தது. எந்தக் கிரிப்பானாலும் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள். அழுத்திப் பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கைக்குள் கூடுதலாக ஏறும். வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் ஆகியும் மரப்பு போகவில்லை, அல்லது இரவில் விரல் மரத்து விழிப்பு வருகிறது என்றால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள், மெக்கானிக்கிடம் வேண்டாம்.

வழி பார்க்க ஹேண்டில்பாரில் போன் மாட்டுபவர்களுக்கு: பெரிய என்ஜின் பைக்கின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே தன் ஐபோன்களுக்கு எச்சரிக்கை விட்டது. ஆட்டத்தைச் சமன்செய்ய கேமராவுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்புதான் அடிவாங்குகிறது. என் போன் இப்போது சட்டைப் பையில்தான் பயணம் செய்கிறது.

பெரிய வேலைகள்

கியர்பாக்ஸில் இருக்கும் சின்ன ஸ்ப்ராக்கெட்டில் என் வண்டிக்கு 16 பல். அதை 17 ஆக்கினேன். அதே வேகத்துக்கு என்ஜின் சுற்று ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். உதைப்பு இருமடியில் மாறுவதால் அது 11 சதவீதம் வரை இறங்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்குக் கிளட்ச் வரைக்கும் கழற்ற வேண்டும். மலையடிவாரத்தில் இருப்பவர்களும் எப்போதும் இரண்டு பேராகப் போகிறவர்களும் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது, இழுவை குறையும்.

இவ்வளவும் செய்து, எல்லா சுற்றிலும் நடுக்கம் அடங்காமல் இருந்தால் சந்தேகம் கிராங்க் பக்கம் போகிறது. முக்கியமாக, என்ஜின் வேலை பார்த்து வந்த பிறகு தொடங்கிய நடுக்கம் என்றால். என் மைத்துனர் வண்டிக்கு ஒரு பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிக் எண்டும் (பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் பேரிங்) மாற்றிக் கொடுத்தார்கள். வந்த நாளிலிருந்து 50-க்கு மேல் உட்கார முடியவில்லை. திரும்பிப் போனால், "ஓட ஓடச் சரியாயிடும்" என்றார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் ஆகவில்லை. வேறு இடத்தில் பிரித்து, கிராங்க்கை வி பிளாக் என்ற வி வடிவத் தாங்கியில் வைத்து, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் போட்டுப் பார்த்தபோது, கிராங்க்கின் கனத்த சக்கரங்களான இரண்டு ஃபிளைவீலும் ஒரே நேர்கோட்டில் இல்லை. நேராக்கிப் போட்டதும் பாதிக்கு மேல் அடங்கியது.

ஆகவே பிக் எண்டு வேலைக்குக் கொடுக்கும்போதே, கிராங்க்கை நேராக்கிய பின் டயல் கேஜில் காட்டச் சொல்லுங்கள். முள் எவ்வளவு ஆடுகிறது என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். காட்டத் தயங்கும் பட்டறையில் கொடுக்காதீர்கள். பழைய பிஸ்டனையும் புது பிஸ்டனையும், பிஸ்டன் பின்னும் வளையங்களும் சேர்த்து, நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கிராங்க்கின் எதிர் எடை பழைய பிஸ்டனின் எடைக்கு ஏற்ப வைத்தது. புதியது கணிசமாகக் கனத்தால் ஆட்டத்தின் கணக்கே மாறும்.

என் வண்டிக்குக் கிராங்க் வரை போக வேண்டிய தேவை வரவில்லை. முன் பிளேட், பாயிண்டின் ஸ்பிரிங், கப்ளிங் ரப்பர், பக்கத்துக்கு 180 கிராம் ஈயம், ஒரு பல் கூடுதல் ஸ்ப்ராக்கெட்: இவ்வளவுதான் மாறியது. 58 வரைக்கும் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸின் ஊர்ப் பலகை படிக்க முடிகிறது. 65-இல் எழுத்து கரைகிறது, 75-இல் பஸ்ஸே கரைகிறது. ஐடிலில் முன் மட்கார்டு முன்போலவே தலையாட்டுகிறது. செங்கிப்பட்டியில் போன வாரம் டீ கிளாஸை வாங்கியதும் சூடு தாங்காமல் கீழே வைத்துவிட்டேன்.